அழுத்தி மூடும் பானட்

செப்டம்பர் 2, செவ்வாய்

யார் கையில் இது கிடைத்தாலும் சரி, தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். முக்கியமாகச் சித்தியிடம் காட்டவே காட்டாதீர்கள். படிப்பது சித்தியாகவே இருந்தால், இந்த வரியோடு நிறுத்திவிட்டு எடுத்த இடத்திலேயே வைத்துவிடு சித்தி. உன்னைப் பற்றித் தப்பாக ஒன்றும் எழுதவில்லை. இதுவரை.

பென்சிலில் எழுதுகிறேன். பேனா மூடி டிக் என்கிறது. எங்கள் வீட்டில் டிக் கூடாது.

அம்மா படுத்து ஐந்து மாதமாகிறது. தலைக்குள் ஒரு கட்டி. சின்னச் சத்தம் கேட்டால்கூட மண்டைக்குள் யாரோ இரும்பைப் போட்டு உடைப்பது போல இருக்கிறதாம். உடனே வாந்தி, அப்புறம் நாள் முழுக்க வலி. அதனால் வீட்டுக்கே வாயைக் கட்டிவிட்டோம். நாற்காலிக் கால்களுக்கு என் பழைய காலுறைகளை மாட்டியிருக்கிறோம். கதவு இடுக்கிலெல்லாம் துணிப்பட்டை. வாசல் மணியின் வயரை அப்பா பிடுங்கிவிட்டார். ஒருவர் அறைக்கு இன்னொருவர் வந்தால் கதவைத் தட்டக் கூடாது, நகத்தால் சுரண்ட வேண்டும். சுரண்டலாம் என்று கண்டுபிடித்தது நான்தான். அன்றிலிருந்து சித்திக்கு நான் எலி.

இன்று விசேஷமாக ஒன்றுமில்லை. வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். "சத்தமா வாசிம்மா" என்றார் டீச்சர். சத்தமாகத்தானே வாசித்தேன்? பின் பெஞ்சில் சிரித்தார்கள்.

செப்டம்பர் 6, சனி

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக வந்தால் வரட்டும்.

சனிக்கிழமைதோறும் அம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறோம். நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரம். அப்பா வாடகைக் கார் ஓட்டுகிறவர். வாரம் முழுக்க யார் யாரையோ ஏற்றி இறக்குவார், சனிக்கிழமை வண்டி எங்களுக்கு. அம்மா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பின் இருக்கையில் சித்தி மடியில் படுத்துக்கொள்வாள். நான் முன்னால்.

ஊருக்குள் ஒன்றும் தெரியவில்லை. நெடுஞ்சாலையில் ஏறி அப்பா வேகம் கூட்டியதும் இன்ஜினை மூடியிருக்கும் பானட் நடுங்க ஆரம்பித்தது. முதலில் ஓரத்தில் மட்டும். முள் எண்பதைத் தாண்டியதும் முன்விளிம்பு முழுவதும் ஒரு விரல் அளவு எழும்பி எழும்பி உட்கார்ந்தது. கொதிக்கிற பாத்திரத்தின் மூடி துள்ளுமே, அந்த மாதிரி. போன வாரங்களில் இப்படியா இருந்தது? லேசாக ஆடியது ஞாபகம் இருக்கிறது. இவ்வளவு இல்லை.

அப்பா அதைப் பார்க்காதவர் போல ரோட்டைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். மெல்லக் காலை எடுத்தார். அறுபதுக்கு வந்ததும் அடங்கிவிட்டது.

ஆனால் அறுபதில் போகிற வண்டியை லாரிக்காரர்கள் சும்மா விடுவார்களா? ஹாரன் மேல் ஹாரன். ஒவ்வொரு ஹாரனுக்கும் அம்மாவின் உடம்பு வில்லாக வளைந்தது. சித்தி இரண்டு உள்ளங்கையாலும் அம்மாவின் காதைப் பொத்திக்கொண்டு, "கொஞ்சம் வேகமா போங்களேன் அத்தான்" என்றாள். பின்னால் இருந்தவளுக்குப் பானட் தெரியவில்லை. வேகமாகப் போனால் பானட். மெதுவாகப் போனால் ஹாரன். அப்பா அறுபதிலேயே ஓட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் சித்தி, அடுத்த வாரம் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிடலாம் என்றாள். அம்மா கண்ணைத் திறக்காமலே கையை ஆட்டி வேண்டாம் என்றாள். சைரன் ஊதுகிற வண்டியை அவளால் கற்பனைகூடச் செய்ய முடியாது. வண்டியில் கோளாறு என்று சித்திக்குத் தெரிந்தால் அம்மாவை வண்டியில் ஏறவே விட மாட்டாள். அதனால் நான் வாயைத் திறக்கவில்லை. அப்பாவும் திறக்கவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

அப்பாவோடு ரேடியோ மாமாவின் பட்டறைக்குப் போனேன். மாமா அப்பாவின் சிநேகிதர், மெக்கானிக். வாய் ஓயவே ஓயாது, அதனால் ரேடியோ. அம்மா படுத்ததிலிருந்து அப்பா அவரை வீட்டுப் பக்கம் விடுவதில்லை. ஒரே ஒரு முறை வந்தார். ரகசியக் குரலில்தான் பேசினார். அதற்கே எதிர்வீட்டு நாய் எழுந்து குரைத்தது.

பானட்டைத் திறந்து கீல்களை அசைத்துப் பார்த்தார். பூட்டுக்கு எண்ணெய் விட்டார். மூடிவிட்டு ஓரமெல்லாம் உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். "நான் இன்ஜின் டாக்டர்டா. இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு. இது தோல் வியாதி, தகர வேலைக்காரன்கிட்ட நாலு நாள் விட்டாதான் தெரியும்" என்றார். நாலு நாள் வண்டியை விட முடியாது என்றார் அப்பா. ராத்திரியில் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

அப்போது மாமா ஒரு வேலை செய்தார். பானட்டின் முன் இடுக்கிலும் பக்கங்களிலும் அகலமான டேப்பை ஒட்டி மூடினார். காற்று உள்ளே புகுந்துதான் தூக்குகிறது என்றால், இடுக்கை அடைத்தால் நடுக்கம் குறைய வேண்டுமாம். மூன்று பேரும் நெடுஞ்சாலைக்குப் போனோம். எண்பதில் நிஜமாகவே குறைந்தது. தொண்ணூறு தொட்டதும் டேப் பிய்த்துக்கொண்டு வந்து கண்ணாடியில் அறைந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"காத்து தூக்குது, அது சரி. ஆனா பூட்டு பிடிச்சிருக்கும்போது இது ஏன் ஆடணும்? உள்ள எங்கேயோ இடம் விட்டுப்போச்சு" என்றார் மாமா. பிறகு, "தொண்ணூறுல போகும்போது இது தொறந்துக்கிச்சுன்னு வை, கண்ணாடி பூரா மூடிக்கும். ரோடே தெரியாது" என்றவர், நான் பின்னால் இருப்பது ஞாபகம் வந்து, "சும்மா சொன்னேன் பாப்பா. ரேடியோன்னா நாலு செய்தி பொய்யாத்தான் இருக்கும்" என்று சிரித்தார்.

இறங்கும்போது கேட்டார். "நீ எதையாவது திருகினியாடா?"

"இல்லடா" என்றார் அப்பா.

அப்பா திருகினார். நான் பார்த்தேன்.

அம்மா படுத்த புதிதில் நடந்தது. பழைய வண்டி, தண்ணீர் குறைந்துகொண்டே இருக்கும். தினமும் காலையில் பானட்டைத் திறந்து தண்ணீர் ஊற்றிவிட்டு, ஒரு முழம் தூக்கிக் கையை விடுவார். டொம் என்று மூடிக்கொள்ளும். ஒரு நாள் அந்த டொம்முக்கு அம்மா போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. மறுநாள் அப்பா குனிந்து, பானட்டின் உள்பக்கம் அது வந்து உட்காருகிற இடத்தில் இருக்கும் நான்கு கறுப்பு ரப்பர்க் குமிழ்களையும் பாட்டில் மூடியைத் திருகுவது போல உள்ளே திருகினார். அன்றிலிருந்து பானட்டை இறக்கி, தூங்குகிற குழந்தையைப் போர்த்துவது மாதிரி இரண்டு கையாலும் அழுத்துவார். சத்தமே வராமல் மூடிக்கொள்ளும்.

ரப்பருக்கும் இந்த நடுக்கத்துக்கும் சம்பந்தம் இருக்குமா? இருந்தால் அப்பா சொல்லியிருப்பாரே.

செப்டம்பர் 10, புதன்

அப்பா பொய் சொல்கிறவர் இல்லை. மறந்திருப்பார். மறந்துதான் இருப்பார்.

செப்டம்பர் 13, சனி

அப்பா நைலான் கயிற்றால் பானட்டைக் கட்டியிருந்தார். எதற்கு என்று சித்தி கேட்டதற்கு, பூட்டு கொஞ்சம் மக்கர் பண்ணுகிறது என்றார். கயிறு கட்டியும் நடுங்கியது. கயிறும் சேர்ந்து நடுங்கியது.

அம்மா பின்னால் இருந்து மெல்லக் கேட்டாள். "என்னங்க, வண்டி இப்படி நடுங்குது? குளிருதா அதுக்கு?"

அப்பா தோள் குலுங்கச் சிரித்தார், சத்தமில்லாமல். சித்தியும். நானும். எங்களுக்கெல்லாம் சத்தமில்லாமல் சிரிக்க வந்துவிட்டது. அம்மா தமாஷ் பேசி எத்தனை நாளாயிற்று!

அதற்குள் ஒரு பஸ் எங்கள் பின்னால் ஒட்டிக்கொண்டு ஹாரனை அழுத்தி எடுக்கவே இல்லை. அப்பா ஓரங்கட்டி நிறுத்துவதற்குள் அம்மா வாந்தி எடுத்துவிட்டாள். பிறகு கூப்பிட்டால் பேசவில்லை. கண் பாதி திறந்திருந்தது. அப்பா எதையும் பார்க்காமல் ஆஸ்பத்திரிவரை எண்பதில் ஓட்டினார். நான் வழி முழுக்க அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டு போனேன். அறுந்துவிடாதே, அறுந்துவிடாதே. அதற்குமேல் வேண்டிக்கொள்ள எனக்குத் தெரியவில்லை.

கட்டி வளர்ந்திருக்கிறதாம். அடுத்த வாரம் படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்களாம்.

செப்டம்பர் 16, செவ்வாய்

பால் திரிந்துவிட்டது. தயிரும் நாறிவிட்டது. பிரிட்ஜ் கதவு டப் என்று மூடக் கூடாது என்று விளிம்பில் துணி ஒட்டியிருந்தோமே, அதனால் கதவு சரியாக மூடவில்லையோ என்று சித்திக்குச் சந்தேகம். காகிதத்தைப் பட்டையாகக் கிழித்துக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தாள். கீழ்ப்பக்கம் இழுக்க வரவில்லை. மேல்பக்கம் வழுக்கிக்கொண்டு வந்தது. "பாத்தியா எலி, கதவு மூடியிருக்கு, ஆனா எதையும் தொடல" என்றாள்.

நான் அந்தக் காகிதப் பட்டையை வாங்கிப் பாவாடைப் பையில் வைத்துக்கொண்டேன். சித்தி ஏன் என்று கேட்கவில்லை. நல்லவேளை.

செப்டம்பர் 17, புதன்

செய்துவிட்டேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அப்பா அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். வண்டி வாசலில். பானட்டைத் திறந்து நான்கு ரப்பர் மேலும் நான்கு காகிதப் பட்டை வைத்தேன். அப்பா மாதிரியே இரண்டு கையால் அழுத்தி மூடினேன். ஒவ்வொன்றாக இழுத்தேன். நான்கும் வெண்ணெயில் இருந்து வருவது போல வந்தன. பானட் மூடியிருக்கிறது, ஆனால் எதையும் தொடவில்லை. நடுவில் பூட்டு ஒன்றுதான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கீழேயிருந்து ரப்பர் முட்டுக்கொடுத்தால்தானே பூட்டில் விறைப்பாக நிற்கும்? ரேடியோ மாமா சொன்ன இடம் இதுதான்.

சந்தோஷமாகத்தான் இருந்தது, கொஞ்ச நேரம். முன்னால் இருக்கும் இரண்டு ரப்பரையும் வெளியே திருகிவிட்டு மறுபடி அழுத்தினேன். மூடவில்லை. உடம்பு முழுவதையும் சாய்த்தேன், அப்போதும் மூடவில்லை. தூக்கிப் போட்டால்தான் மூடும். டொம் என்று.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அப்பா மறக்கவில்லை.

ரப்பரைப் பழையபடி உள்ளே திருகி, சத்தமில்லாமல் மூடிவிட்டு வந்துவிட்டேன். கையில் கறுப்பு. சோப்புப் போட்டும் போகவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

சரிசெய்தால் தினமும் காலையில் அம்மா கத்துவாள். சரிசெய்யாவிட்டால் சனிக்கிழமை. நாளை மறுநாள் சனிக்கிழமை.

யாரிடம் போய்க் கேட்பது? சித்தியிடம் சொன்னால் சண்டை. சண்டை என்றால் சத்தம்.

செப்டம்பர் 19, வெள்ளி

அப்பா என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடக் கூட்டிப்போனார். தெரு தாண்டியதும் சொல்லிவிட்டேன். காகிதம் வைத்துப் பார்த்தேன் என்றேன். குரல் வரவில்லை, இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

அப்பா வண்டியைத் தெருமுனையில், தையல் கடைக்கு எதிரே நிறுத்தினார்.

"தெரியும்" என்றார். "மொத வாரமே தெரியும்."

"அப்புறம் ஏம்பா மாமாகிட்ட இல்லன்னு சொன்னீங்க?"

"அவன் சரி பண்ணிடுவான். அப்புறம் காலையில காலையில உங்கம்மா கத்தறத நான் எப்படிப் பாக்கறது? ஹைவேயில மட்டும்தானே, மெதுவா போய்க்கலாம்னு நெனச்சேன்." அப்பா ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினார். "போன வாரம் அந்த பஸ்ஸுக்கு அப்புறம்... எனக்கு ஒண்ணும் ஓடல பாப்பா."

நாங்கள் நின்றிருந்த இடத்தைப் பார்த்தேன். வீடு கண்ணுக்கே தெரியவில்லை. "இங்க வந்து மூடலாமேப்பா" என்றேன்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தண்ணி இங்க வந்து ஊத்தலாம். இங்க டொம்னு போட்டா அம்மாவுக்குக் கேக்காது."

அப்பா நெற்றியில் அறைந்துகொண்டார். ஐந்து மாதமாக இது எங்கள் ஒருவருக்குமே தோன்றவில்லை. வீட்டுக்கு வெளியே சத்தம் போடலாம் என்பதே எங்களுக்கு மறந்துவிட்டது. நான் பள்ளிக்கூடத்தில்கூட நாற்காலியைத் தூக்கித்தான் நகர்த்துகிறேன்.

அங்கேயே இறங்கி நான்கு ரப்பரையும் வெளியே திருகினோம். நான் காகிதம் வைத்தேன். "நீயே போடு" என்றார் அப்பா. பானட்டைத் தூக்கிப் பிடித்தேன், ஆனால் கையை எடுக்க முடியவில்லை. பயமாக இருந்தது. "விடு பாப்பா" என்றார். விட்டேன்.

டொம்.

இரண்டு பேரும் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை. காகிதத்தை இழுத்தேன். வரவில்லை, கிழிந்தது. நான்கும் கிழிந்தன.

அப்பா பானட்டைத் திறந்து, "இன்னொரு தடவை" என்றார். போட்டேன். அப்புறம் அவர் போட்டார். பிறகு நான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. தையல்காரர் அளவு நாடா கழுத்தில் தொங்க வெளியே வந்து, என்ன ரிப்பேர் என்று கேட்டார். "சரியாயிடுச்சுங்க" என்றார் அப்பா. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரியாயிடுச்சு" என்று இன்னொரு முறை சொன்னார்.

பள்ளிக்கூடத்துக்குத் தாமதம். வெளியே நிற்கவைத்தார்கள். நின்றேன்.

செப்டம்பர் 20, சனி

தொண்ணூறு. பானட் மேசை மாதிரி இருந்தது. கயிறு இல்லை, நடுக்கம் இல்லை. யாரும் பின்னால் இருந்து ஹாரன் அடிக்கவில்லை. அம்மா போகும்போதும் தூங்கினாள், வரும்போதும் தூங்கினாள். அப்பா ஒரே ஒரு முறை பானட்டைக் கண்ணால் காட்டி, என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

படம் எடுத்தார்கள். வியாழக்கிழமை ஆபரேஷன். டாக்டர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்த அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

இப்போதெல்லாம் அப்பா தண்ணீர் பார்ப்பது தெருமுனையில்தான். வெளியூர் போய்த் திரும்பினாலும் அங்கேயே நிறுத்தி, பானட்டைத் திறந்து சூடு ஆறவிட்டு, மூடிவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறார். காலையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எங்கேயோ தூரத்தில் டொப் என்று கேட்டது, தலையணையைத் தட்டுவது போல. நான் பதறி அம்மா முகத்தைப் பார்த்தேன். முகம் சுளிக்கவில்லை.

"உங்கப்பா கெளம்பிட்டாரு" என்றாள்.

வகுப்பில் என் குரல் கேட்கவில்லை என்று சிரிப்பதை அம்மாவிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அம்மா என் விரலைப் பிடித்துக்கொண்டாள். "ஆபரேஷன் முடிஞ்சு வந்ததும் எனக்கு ஒரு பாடம் சத்தமா வாசிச்சுக் காட்டு. தெருவுக்கே கேக்கணும்" என்றாள். சரி என்றேன். தலையை ஆட்டினேன், அவ்வளவுதான். வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம்.

செப்டம்பர் 25, வியாழன்

ஆபரேஷன் முடிந்துவிட்டது என்று அப்பா போன் செய்தார். இன்னும் கண் விழிக்கவில்லையாம். விழிக்க நேரமாகுமாம். சித்தி என்னோடு வீட்டில் இருக்கிறாள். இரண்டு பேரும் சாப்பிட்டதாக ஒருவருக்கொருவர் பொய் சொல்லிக்கொண்டோம்.

செப்டம்பர் 26, வெள்ளி

இன்னும் விழிக்கவில்லை.

வீட்டில் அம்மா இல்லை, ஆனாலும் சித்தி என் கதவைச் சுரண்டித்தான் கூப்பிடுகிறாள். நாற்காலிக் காலில் ஒரு காலுறை கிழிந்திருந்தது, உட்கார்ந்து தைத்தாள். பழக்கம் விட்டுப்போனால் அக்கா வந்ததும் தடுமாறுவோம் எலி, என்றாள்.

எந்தப் பாடம் வாசிப்பது என்று எடுத்து வைத்திருக்கிறேன். சின்னப் பாடம்தான். நீளமாக இருந்தால் அம்மாவுக்குக் களைப்பாக இருக்கும்.

செப்டம்பர் 27, சனி

இன்னும் விடியவில்லை. அப்பாவின் வண்டி வருகிறது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும், தெரு திரும்பும்போது ஒரு இருமல் இருமும்.

தெருமுனையில் நிற்கும். நெடுஞ்சாலையில் ஓடி வந்த வண்டி, சூடு ஆறவிட்டு மூடிவிட்டுத்தான் வருவார். அம்மா விழித்துக்கொண்டாளா என்று அதுவரைக்கும் தெரியாது. காத்திருக்க வேண்டும்.

நிற்கவில்லை. தெருமுனை தாண்டி வந்துவிட்டது.

நம் வாசலில்தான் நிற்கிறது. இன்ஜின் அணைந்துவிட்டது. வண்டிக் கதவு திறந்தது. பானட்டைத் திறக்கிறார், டக் என்று கேட்டது. தண்ணீர் ஊற்றுகிற சத்தம் இல்லை. ஒன்றுமே கேட்கவில்லை. சும்மா நிற்கிறாரா? எவ்வளவு நேரமாக நிற்கிறார்?

டொம்.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எதிர்வீட்டு நாய் குரைக்கிறது. வாசலில் போட்டார், நம் வீட்டு வாசலிலேயே.

மறந்திருப்பார். இரண்டு ராத்திரி தூங்காதவர். மறந்துதான் இருப்பார்.

கூடத்தில் நாற்காலி விழுந்தது. சித்தி எழுந்து ஓடுகிறாள். வாசல் கதவு திறக்கிறது. யாரும் பேசவில்லை. யாரோ இந்தப் பக்கம் வருகிறார்கள்.

என் அறைக் கதவு. சுரண்டவில்லை. தட்டுகி